நாலு வருஷமாக ஊசி போடுகிறேன், நான் நர்ஸா இல்லையா? வாசகி கேள்விக்குப் பதில்

கேள்வி:

சிஸ்டருக்கு வணக்கம். எனக்கு 24 வயது, திருவட்டார் பக்கம் ஊர். அப்பா ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி. பிளஸ் டூவில் காமர்ஸ் குரூப். முடித்ததும் மார்த்தாண்டத்தில் ஒரு இன்ஸ்டிடியூட்டில் ஒரு வருஷ நர்சிங் டிப்ளமோ படித்தேன், 'கவர்மென்ட் அங்கீகாரம் பெற்றது' என்று சொல்லித்தான் சேர்த்தார்கள். அப்புறம் நாலு வருஷமாக ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் வேலை. ஊசி போடுவேன், டிரிப் ஏற்றுவேன், நைட் டியூட்டியில் பல நாள் நான் மட்டும்தான் இருப்பேன். எல்லோரும் சிஸ்டர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். சம்பளம் 9,000 ரூபாய். இப்போது பி.எஸ்சி. முடித்த ஒரு பெண் புதிதாக வந்திருக்கிறாள், அவளுக்கு கேனுலா (டிரிப் ஏற்ற நரம்பில் வைக்கிற சின்னக் குழாய்) போடக்கூட நான்தான் சொல்லிக் கொடுத்தேன், ஆனால் என்னைவிட அவளுக்குச் சம்பளம் அதிகம். ஒரு ஏஜென்ட் இரண்டரை லட்சம் கொடுத்தால் ரெஜிஸ்ட்ரேஷன் சர்டிபிகேட்டும் சேர்த்து ஏற்பாடு பண்ணி கல்ஃபுக்கு ஸ்டாஃப் நர்ஸாக அனுப்புகிறேன் என்கிறார். அம்மா நகையை அடகு வைக்கத் தயாராக இருக்கிறாள். என் ஒரிஜினல் பிளஸ் டூ மார்க் ஷீட் ஆஸ்பத்திரியில் வாங்கி வைத்திருக்கிறார்கள். தங்கச்சி இந்த வருஷம் பயாலஜி குரூப்பில் பிளஸ் டூ பாஸ் ஆகியிருக்கிறாள், அவளையும் அதே இன்ஸ்டிடியூட்டில் சேர்க்கலாமா? என் அனுபவத்தை வைத்து நான் ரெஜிஸ்டர் பண்ண முடியுமா?

பதில்:

மக்களே, முதலில் அந்த நகையைப் பீரோவில் வைத்துப் பூட்டச் சொல்லு. மற்றதையெல்லாம் அப்புறம் பேசலாம், அந்த ஏஜென்ட்டுக்கு ஒரு ரூபாய் கூடக் கொடுக்க வேண்டாம், கொடுப்பதாக வாக்கும் கொடுக்க வேண்டாம். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

உன் கடைசிக் கேள்விக்குப் பதில், முடியாது. நாலு வருஷம் இல்லை, நாற்பது வருஷம் வேலை பார்த்தாலும் அனுபவத்தை மட்டும் வைத்து நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்ய முடியாது. இதைச் சொல்ல எனக்கு வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் உன்னைப் போலவே கேட்டு வருகிற பெண்களை நம் மாவட்டத்தில் நான் தொடர்ந்து பார்க்கிறேன், களியக்காவிளையிலிருந்து ஆரல்வாய்மொழி வரைக்கும் பஸ் ஸ்டாண்ட் பக்கத்து மாடியில் இப்படி ஏதாவது ஒரு போர்டு தொங்குகிறது. சேர்க்கும்போது 'நர்சிங்' என்கிறார்கள், முடிக்கும்போது கையில் இருப்பது உதவியாளர் சான்றிதழ். உன் மேல் எந்தத் தப்பும் இல்லை, 17, 18 வயதில் வெள்ளை யூனிபார்மும் 'அரசு அங்கீகாரம்' என்ற வார்த்தையும் போதுமாக இருந்திருக்கும். அந்த அங்கீகாரம் பெரும்பாலும் ஒரு சொசைட்டியாகவோ டிரஸ்டாகவோ பதிவு செய்திருப்பதைத்தான் குறிக்கும். சொசைட்டிப் பதிவுக்கும் நர்சிங்குக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

சட்டப்படி யார் நர்ஸ் என்பதை ஒரே ஒரு விஷயம்தான் தீர்மானிக்கிறது, கவுன்சில் பதிவேட்டில் பெயரும் எண்ணும் இருக்கிறதா என்பது. தமிழ்நாட்டுக்கான கவுன்சில் 1926-ஆம் வருஷச் சட்டப்படி வந்தது. நாடு முழுவதற்குமான இந்திய நர்சிங் கவுன்சில் 1947 சட்டத்தால் வந்தது, அதற்குப் பதிலாக ஒரு தேசிய ஆணையம் அமைக்க 2023-ல் நாடாளுமன்றம் புதுச் சட்டம் போட்டிருக்கிறது. பெயர்கள் மாறலாம், பதிவேடு என்ற விஷயம் மாறாது. அந்தப் பதிவேட்டுக்குள் போக இன்றைக்கு மூன்று வாசல்தான் இருக்கிறது. ஏ.என்.எம். இரண்டு வருஷம், பெண்கள் மட்டும், கிராமப்புறத் தாய் சேய் நலம், தடுப்பூசி, பிரசவம் என்று போகிற படிப்பு, நம் ஊர்த் துணை சுகாதார நிலையத்து வி.எச்.என். (கிராம சுகாதார செவிலியர்) அக்கா இந்த வழியில் வந்தவர்தான். ஜி.என்.எம். மூன்று வருஷ டிப்ளமோ. பி.எஸ்சி. நர்சிங் நாலு வருஷப் பட்டம். ஜி.என்.எம்., பி.எஸ்சி. இரண்டில் எதை முடித்தாலும் பதிவு பெற்ற நர்ஸ், பதிவு பெற்ற மிட்வைஃப் என்று இரண்டு தகுதியும் சேர்ந்தே வரும், ஆர்.என்.ஆர்.எம். என்று சொல்வது அதைத்தான். இந்த மூன்றில் எதையும் தபால் வழியிலோ ஞாயிற்றுக்கிழமை வகுப்பிலோ படிக்க முடியாது. ஒரு வருஷ டிப்ளமோ, ஆறு மாத டிப்ளமோ, டி.என்.ஏ. என்று மூன்று எழுத்துப் போட்ட டிப்ளமோ, எதுவும் இந்த வாசலுக்குள் வராது.

இப்போது அந்தப் புதுப் பெண். அவளுக்குக் கேனுலா போட வரவில்லை, உனக்கு வருகிறது, ஆனாலும் சம்பளம் அவளுக்கு அதிகம், இது உன்னை உறுத்துகிறது. உறுத்தாமல் எப்படி இருக்கும்? கை வேகம் பழக்கத்தில் வருவது, அவளுக்கும் ஆறு மாதத்தில் வந்துவிடும். ஆனால் நரம்பில் ஊசி ஏற்றுவது நர்ஸ் வேலையில் சின்னப் பகுதி. ஏற்றின மருந்து உள்ளே போய் என்ன செய்யும், எந்த அளவில் ஆளைக் கொல்லும், முதல் பத்து நிமிஷம் நோயாளியிடம் எதைப் பார்க்க வேண்டும், பார்த்ததை எப்படி எழுதி வைக்க வேண்டும், டாக்டர் எழுதினதே தப்பாக இருந்தால் எப்படித் தடுத்து நிறுத்த வேண்டும், இதற்குத்தான் அந்த மூன்று வருஷமும் நாலு வருஷமும்.

உன்னையே சில கேள்வி கேட்டுப் பார்த்துக்கொள். பொட்டாசியம் குளோரைடு ஆம்பியூல் ஒன்று கையில் இருக்கிறது, அதை அப்படியே நரம்பில் நேரடியாகச் செலுத்தினால் என்ன ஆகும் என்று இன்ஸ்டிடியூட்டில் யாராவது சொல்லித் தந்தார்களா? இதயம் நின்றுபோகும், அதை நீர்த்துப்போகச் செய்து மெதுவாக டிரிப்பில்தான் ஏற்ற வேண்டும். இன்சுலினில், நம் ஊரில் கிடைக்கிற குப்பிகளில் அதிகமானவை ஒரு மில்லிக்கு 40 யூனிட், பேனாவில் வருவது 100 யூனிட், சிரிஞ்சும் 40-க்குத் தனி, 100-க்குத் தனி, மூடியின் நிறம்கூட வேறு. மாற்றி எடுத்தால் ஒன்று இரண்டரை மடங்கு மருந்து போகும், இல்லையென்றால் பாதிக்கும் குறைவாகப் போகும், ராத்திரி இரண்டு மணிக்குச் சர்க்கரை இறங்கி வியர்த்துக் கிடக்கிற ஆளைத் தூங்குகிறார் என்று விட்டுவிட வாய்ப்பு இருக்கிறது. ஆன்டிபயாடிக் ஊசி போட்ட அஞ்சாவது நிமிஷம் முகம் வீங்கி மூச்சு இழுத்தால் முதலில் எடுக்க வேண்டிய மருந்து அட்ரினலின், அதை எங்கே, எவ்வளவு போட வேண்டும்? பிட்டத்தில் ஊசியை இடம் மாற்றிக் குத்தினால் சயாட்டிக் நரம்பு பட்டுப் பாதம் தொங்கிப்போகும் என்பது தெரியுமா? இதில் சிலது உனக்குத் தெரிந்திருக்கலாம், வேலையில் நின்று கவனித்துக் கற்றிருப்பாய். எல்லாம் தெரிந்திருக்க வழியில்லை, ஏனென்றால் உனக்கு யாரும் முறையாகச் சொல்லித் தரவில்லை. தெரியாததை உன்னிடம் ஒப்படைத்துவிட்டு ராத்திரி முழுக்க உன்னைத் தனியாக நிறுத்தியிருக்கிறார்களே, அதில்தான் எனக்குக் கோபம்.

டெல்லியில் நடந்த ஒரு வழக்கைச் சொல்கிறேன், நர்சிங் மாணவிகளுக்குச் சட்டப் பாடத்தில் இது அவசியம் சொல்லித் தரவேண்டிய வழக்கு. ஸ்பிரிங் மெடோஸ் ஆஸ்பத்திரி வழக்கு என்று பெயர், உச்ச நீதிமன்றம் 1998-ல் தீர்ப்பு சொன்னது. டைஃபாய்டு என்று சேர்த்த ஒரு குழந்தைக்கு டாக்டர் எழுதின மருந்து ஒன்று, அங்கே நர்ஸ் வேலை பார்த்த பெண் நரம்பில் ஏற்றினது வேறு, குளோரோகுயின். குழந்தையின் இதயம் நின்றது, மூளை மீள முடியாமல் பாதிக்கப்பட்டது. விசாரணையில் அந்தப் பெண் எந்த மாநிலக் கவுன்சிலிலும் பதிவு செய்யாதவர் என்று தெரிந்தது. குழந்தைக்கு 12.5 லட்சம், பெற்றோருக்கு 5 லட்சம் நஷ்டஈடு கொடுக்கச் சொன்ன தேசிய நுகர்வோர் ஆணையத்தின் உத்தரவை உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. பதிவில்லாத ஆளை வைத்து வேலை வாங்கினது ஆஸ்பத்திரியின் தப்பு என்று ஆகிவிட்டது, நஷ்டஈட்டுப் பொறுப்பும் ஆஸ்பத்திரி மேல்தான் வந்தது, சரி. ஆனால் ஊசியைக் குத்தினது ஒரு பெண்ணின் கை, அவள் அதற்கப்புறம் எப்படித் தூங்கியிருப்பாள் என்று நினைத்துப் பார். நாளைக்கு உன் ஆஸ்பத்திரியில் ஏதாவது நடந்தால் சொந்தக்காரர்கள் வந்து நிற்கிறபோது 'சிஸ்டர்தான் போட்டாங்க' என்றுதான் சொல்வார்கள், போலீஸ் வந்தால் உன் பதிவு எண்ணைத்தான் முதலில் கேட்பார்கள். பதிவில்லாமல் நர்ஸ் என்று சொல்லி வேலை பார்ப்பது தண்டனைக்குரிய குற்றம். லைசென்ஸ் இல்லாமல் பஸ் ஓட்டுகிற ஆள் எவ்வளவு நல்ல டிரைவராக இருந்தாலும் ஒரு விபத்து நடந்தால் அவன் திறமையை யாரும் பேசமாட்டார்கள், அந்த நிலைமையில்தான் நீ நாலு வருஷமாக நிற்கிறாய்.

அதனால் நாளைக்கே ஒன்று செய். டாக்டரிடம் நேரடியாகப் போய் மரியாதையாகச் சொல், 'சார், நான் கவுன்சிலில் பதிவு செய்தவள் இல்லை, ஊசி, டிரிப், ரத்தம் ஏற்றுவது எல்லாம் புதிதாக வந்த சிஸ்டர் பார்க்கட்டும், நான் அவங்களுக்கு உதவியாக இருக்கிறேன், நைட்டில் தனியாக என்னைப் போடாதீங்க.' வேலை போய்விடும் என்று பயப்படுவாய். போகலாம், இல்லை என்று நான் பொய் சொல்லமாட்டேன். ஆனால் படுத்த படுக்கையாக இருக்கிறவர்களைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்த கை நம் மாவட்டத்தில் எவ்வளவு தேவைப்படுகிறது என்று உனக்கே தெரியும், பிள்ளைகள் எல்லாம் துபாயிலும் குவைத்திலும் பெங்களூரிலும், வீட்டில் அப்பாவும் அம்மாவும் தனியாக. வேறு வேலை கிடைக்கும்.

இந்த உதவியாளர் வேலையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் மேலே எழுதினதைப் படித்து அது மட்டமான வேலை என்று நீ நினைத்துவிடக் கூடாது. நோயாளியைத் துடைத்து விடுவது, சாப்பாடு ஊட்டுவது, பெட்பான் வைப்பது, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைப்பது, பிடித்து நடத்துவது, டெம்பரேச்சர், பல்ஸ் எழுதுவது, குடித்த தண்ணீரையும் போன மூத்திரத்தையும் அளந்து வைப்பது. படுக்கைப் புண் வராமல் காப்பது இந்தக் கைதான். முதுகில் ஒரு ரூபாய் அகலத்துக்குச் சிவந்திருப்பதை முதலில் பார்ப்பது டாக்டர் இல்லை, துடைத்து விடுகிற பெண். அவள் பார்த்துச் சொன்னால் புண் வராது, பார்க்காமல் விட்டால் எலும்பு தெரிகிற அளவுக்குப் போகும், அந்த ஆள் அதிலேயே செப்டிக் ஆகிச் சாகவும் செய்வார். நல்ல நர்ஸ் எவளும் இந்த வேலையைத் தாழ்வாக நினைக்கமாட்டாள். இதற்கு முறையான பயிற்சியும் இருக்கிறது, ஜெனரல் டியூட்டி அசிஸ்டென்ட், ஹோம் ஹெல்த் எய்டு என்ற பெயரில் மத்திய அரசின் திறன் மேம்பாட்டுத் திட்டத்தில் சான்றிதழ் தருகிறார்கள், கவுரவமான சான்றிதழ். அதை வாங்கின ஆளை 'நர்ஸ்' என்று சொல்லி வீட்டுக்கு அனுப்புவதுதான் தப்பு. திருவனந்தபுரத்துக்கும் அதற்கு அப்பாலும் 'ஹோம் நர்ஸ்' என்று நம் ஊர்ப் பெண்களைக் கூட்டிப்போகிற ஏஜென்சிகள் இருக்கின்றன, போகிறவர்களில் நிறையப் பேர் நர்ஸ் இல்லை, வீட்டில் நோயாளியையும் பார்த்து, சமையலும் செய்து, துணியும் துவைத்து, ஏஜென்சிக்குக் கமிஷனும் கொடுக்கிறார்கள். அந்த வழியில் போனால் என்ன வேலை, எத்தனை மணி நேரம், வாரத்தில் எந்த நாள் லீவு, ஊசி போடச் சொல்லக் கூடாது என்பதை எல்லாம் எழுத்தில் வாங்காமல் போகாதே.

சரி, ஏஜென்ட். கல்ஃபில் நர்ஸ் லைசென்ஸ் வாங்கப் பரீட்சை மட்டும் இல்லை, அதற்கு முன்னால் டேட்டாஃபுளோ என்று ஒரு சரிபார்ப்பு இருக்கிறது. நீ கொடுக்கிற காகிதத்தை அவர்கள் நம்பமாட்டார்கள், படித்த கல்லூரிக்கும் பதிவு செய்த கவுன்சிலுக்கும் வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்கும் நேரடியாக எழுதிக் கேட்பார்கள். 'இப்படி ஒரு ஆள் எங்கள் பதிவேட்டில் இல்லை' என்று சென்னையிலிருந்து பதில் போகும். அதோடு முடிந்தால் பரவாயில்லை, போலிச் சான்றிதழ் கொடுத்தவள் என்று உன் பெயரில் பதிவாகிவிட்டால் நாளைக்கு உண்மையாகவே படித்துவிட்டுப் போனாலும் அது தடையாக வரும். அங்கே இறங்கின பிறகு மாட்டினால் வழக்கு, ஜெயில். இல்லை, ஏஜென்ட் அந்தச் சிக்கலுக்கே போகாமல் வீட்டு வேலை விசாவில் ஏற்றிவிடுவார், ஸ்டாஃப் நர்ஸ் என்று போன பெண் அங்கே ஒரு வீட்டின் அடுப்படியில் நிற்பாள், பாஸ்போர்ட் அந்த வீட்டுக்காரர் கையில் இருக்கும். இப்படி மாட்டினவர்கள் நம் கடற்கரை ஊர்களிலும் இருக்கிறார்கள், மலையோர ஊர்களிலும் இருக்கிறார்கள்.

இன்னொன்றும் தெரிந்துகொள். குடியேற்ற அனுமதி தேவைப்படுகிற நாடுகளுக்கு, அதாவது சவுதி, குவைத், அமீரகம் மாதிரி 18 நாடுகளுக்கு, நர்ஸாகப் போகிறவர்கள் அரசு ஏஜென்சிகள் வழியாகத்தான் போக வேண்டும் என்று 2015-லேயே மத்திய அரசு விதி கொண்டுவந்தது. தமிழ்நாட்டுக்கு ஓவர்சீஸ் மேன்பவர் கார்ப்பரேஷன், 1978-லிருந்து இருக்கிற அரசு நிறுவனம், சென்னையில். கேரளத்துக்கு நோர்க்கா ரூட்ஸ், ஓடெபெக். மற்ற வேலைகளுக்கு ஆள் அனுப்புகிற தனியார் ஏஜென்ட்டும் லைசென்ஸ் எண் வைத்திருக்க வேண்டும், அது மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் தெரியும், சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம். இரண்டரை லட்சம் கேட்கிற ஆள் எந்தக் கணக்கில் கேட்கிறார்? 'சார், உங்கள் லைசென்ஸ் எண் என்ன?' என்று ஒரு தடவை கேட்டுப் பார், அதற்கப்புறம் உனக்கு போன் வருகிறதா என்று கவனி.

இனி உனக்கு வழி. 24 வயது ஒன்றும் தாமதம் இல்லை. இந்திய நர்சிங் கவுன்சில் விதிப்படி ஏ.என்.எம்., ஜி.என்.எம். இரண்டுக்கும் 35 வயது வரைக்கும் சேரலாம். பி.எஸ்சி. நர்சிங்குக்குப் பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் வேண்டும், அதனால் அது உனக்கு இல்லை. ஆனால் ஜி.என்.எம்.முக்கு ஆங்கிலத்தோடு எந்தப் பாடப் பிரிவில் படித்திருந்தாலும் மொத்தம் 40 சதவீதம் இருந்தால் கவுன்சில் விதி இடம் தருகிறது, காமர்ஸ் படித்தவர்களும் அதில் அடக்கம். அரசு நர்சிங் பள்ளிகளுக்கு அரசு தனியாகத் தகுதி வைக்கும், அந்த வருஷ விளக்கக் குறிப்பேட்டை வரி வரியாகப் படித்த பிறகு விண்ணப்பி. ஜி.என்.எம்.மை நிறுத்தப் போகிறார்கள் என்று சில வருஷத்துக்கு முன்னால் ஒரு பேச்சு வந்து எல்லோரையும் குழப்பியது, அது நடக்கவில்லை, படிப்பு இருக்கிறது. ஜி.என்.எம். முடித்துப் பதிவு செய்தபின் இரண்டு வருஷம் போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. படித்தால் நீயும் பட்டதாரி நர்ஸ்தான், அதற்கு மேல் எம்.எஸ்சி.யும் போகலாம், கற்றுக்கொடுக்கிற ஆளாகவும் வரலாம். மூன்று வருஷம் கட்டணத்துக்கு எங்கே போவது என்றால், ஏஜென்ட்டுக்குக் கொடுக்க நினைத்த அதே தொகையை நினைத்துப் பார். நகை அடகு இல்லாமலே வங்கியில் கல்விக் கடன் கேட்கலாம், 4 லட்சம் வரைக்கும் சொத்து ஜாமீன் கேட்கக் கூடாது என்பது வங்கிகளின் பொது விதி, வித்யாலட்சுமி தளத்தில் விண்ணப்பித்துவிட்டு அந்த எண்ணோடு மேனேஜரைப் பார். அவர் முதல் தடவை தட்டிக் கழிப்பார், திரும்பப் போ.

மூன்று வருஷம் வார்டில் மாணவியாக நிற்க வெட்கமாக இருக்கும், உன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு உட்கார வேண்டும். ஆனால் நோயாளியைத் தொட உனக்குப் பயம் இல்லை, ரத்தத்தைப் பார்த்து மயங்கமாட்டாய், சொந்தக்காரர்களிடம் பேசத் தெரியும். முதல் வருஷ மாணவிகள் இதற்குத்தான் திணறுவார்கள். உன் நாலு வருஷம் சம்பளக் கணக்கிலும் விசா கணக்கிலும் வராது, படிப்பில் வரும்.

தங்கச்சி விஷயத்தில் நான் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன், அந்த இன்ஸ்டிடியூட் வாசலை அவள் மிதிக்கக் கூடாது. பயாலஜி குரூப் படித்த பிள்ளைக்கு நேராக பி.எஸ்சி. நர்சிங் இருக்கிறது. தமிழ்நாட்டில் இதற்கு நீட் தேவையில்லாமல் பிளஸ் டூ மார்க்கை வைத்தே சேர்க்கை நடந்து வருகிறது, சென்னை கீழ்ப்பாக்கத்தில் இருக்கிற மருத்துவக் கல்வித் தேர்வுக் குழு ஆன்லைனில் விண்ணப்பம் வாங்கிக் கலந்தாய்வு நடத்தும், தனியார் கல்லூரிகளும் ஒரு பகுதி இடங்களை இந்த அரசு ஒதுக்கீட்டுக்குக் கொடுக்கின்றன, அங்கே கட்டணம் குறைவு. தனியார் கல்லூரி ஏஜென்ட்டுகள் கலந்தாய்வுக்கு முன்னாலேயே வீட்டுக்கு வந்து 'இப்போ அஞ்சாயிரம் கட்டி சீட்டைப் பிடிச்சிருங்க' என்பார்கள், பிடிக்க வேண்டாம். அவள் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்திருந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும், குடும்பத்தில் முதல் பட்டதாரி என்ற சான்றிதழையும் இ-சேவை மையத்தில் இப்போதே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது பில்டிங்கைப் பார்க்காதீர்கள், ஆஸ்பத்திரியைப் பாருங்கள். கவுன்சில் விதிப்படி கல்லூரிக்குச் சொந்தமாகக் குறைந்தது 100 படுக்கை உள்ள ஆஸ்பத்திரி இருக்க வேண்டும், ஒரு மாணவிக்கு மூன்று நோயாளி என்ற கணக்கில் பயிற்சி இருக்க வேண்டும். ஒரு மத்தியான நேரம் சொல்லாமல் கொள்ளாமல் போய் அந்த வார்டுகளில் நடந்து பாருங்கள், படுக்கையில் ஆள் இருக்கிறார்களா, மாணவிகள் நிற்கிறார்களா, கூட ஒரு டியூட்டர் இருக்கிறாரா என்று பாருங்கள். படுக்கை காலியாகக் கிடந்தால் அங்கே என்ன கற்றுக்கொள்வாள்? நெய்யூரில் 1838-ல் மருத்துவப் பணி ஆரம்பித்த மாவட்டம் இது, எவரெஸ்ட் ஏறப் போன டாக்டர் சாமர்வெல் 1920-களில் வந்து வருஷக்கணக்கில் ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரி அது, நாகர்கோவிலில் கேத்தரின் பூத் ஆஸ்பத்திரி இருக்கிறது, ஆசாரிப்பள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. நல்ல வார்டு எப்படி இருக்கும் என்று பார்க்க நாம் தூரம் போக வேண்டியதில்லை. கல்லூரியின் பெயர் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் இணைப்புப் பட்டியலிலும், தமிழ்நாடு கவுன்சிலின் பட்டியலிலும், இந்திய நர்சிங் கவுன்சிலின் பட்டியலிலும் இந்த வருஷத்துக்கு இருக்கிறதா என்று நீங்களே இன்டர்நெட்டில் பாருங்கள், அவர்கள் ஆபீஸ் சுவரில் பிரேம் போட்டு மாட்டியிருப்பதைப் பார்த்துத் திருப்தி அடைய வேண்டாம்.

'வேற ஸ்டேட்ல அட்மிஷன், வீட்டிலேயே இருக்கலாம், பரீட்சைக்கு மட்டும் போனா போதும்' என்று ஒரு கூட்டம் வரும். அது உன் ஒரு வருஷ டிப்ளமோவைவிட ஆபத்து, ஏனென்றால் அதில் கையில் பட்டம் வந்துவிடும், வார்டில் நிற்கிறபோது ஒன்றும் தெரியாது.

படித்து முடித்தால் என்ன கிடைக்கும் என்று வீட்டில் கேட்பார்கள். அரசு வேலைக்கு எம்.ஆர்.பி. (மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) தேர்வு, முதலில் தொகுப்பூதியம், அப்புறம் காலமுறைச் சம்பளம், அந்த 'அப்புறம்' பல வருஷம் இழுக்கிறது, அதற்காக நர்ஸுகள் போராடிக்கொண்டே இருக்கிறார்கள், அதை மறைத்துச் சொல்ல எனக்கு விருப்பம் இல்லை. மக்களைத் தேடி மருத்துவம், வலி நிவாரண சிகிச்சை, துணை சுகாதார நிலையங்கள் என்று ஊருக்குள்ளேயும் இடங்கள் வந்திருக்கின்றன. எய்ம்ஸுக்கு நார்செட் தேர்வு. தனியாரில் சம்பளம் குறைவுதான். உச்ச நீதிமன்றம் 2016-ல் சொன்னதன் பேரில் அமைந்த குழு, 50 படுக்கைக்குக் கீழே உள்ள ஆஸ்பத்திரியில்கூட நர்ஸுக்கு 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று பரிந்துரைத்தது, கேரளம் பெரிய போராட்டத்துக்குப் பிறகு 2018-ல் அதைக் குறைந்தபட்சச் சம்பளமாக அறிவித்தது. களியக்காவிளை தாண்டினால் சம்பளம் மாறுவது அதனால்தான். ஆனால் அங்கே வேலை பார்க்க நம் கவுன்சில் பதிவு போதாது, கேரளக் கவுன்சிலிலும் பதிவை மாற்றியாக வேண்டும். பதிவை ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கவும் வேண்டும், கல்யாணம், குழந்தை என்று விட்டுவிட்டுப் பிறகு ஓடுகிறவர்கள் நிறைய.

கடைசியாக உன் மார்க் ஷீட். அதைப் பிடித்து வைக்க எந்த ஆஸ்பத்திரிக்கும் உரிமை கிடையாது, நீ வேலையை விட்டாலும் விடாவிட்டாலும் அது உன்னுடையது. முதலில் ஒரு வெள்ளைத் தாளில் தேதி போட்டு எழுதிக்கேள், நகலில் கையெழுத்து வாங்கு, வாங்க மறுத்தால் ஸ்பீடு போஸ்டில் அனுப்பு. ஒரு வாரம் பார். கொடுக்கவில்லை என்றால் நாகர்கோவில் கோர்ட் வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று கேட்காமலே அங்கே இலவசமாக வக்கீல் தருவார்கள், அவர்களிடமிருந்து ஒரு நோட்டீஸ் போனாலே மார்க் ஷீட் வீட்டுக்கு வந்துவிடுவது வழக்கம். டாக்டரிடம் ஊசி விஷயம் பேசுவதற்கு முன்னால் இதைச் செய்வது புத்திசாலித்தனம், ஆனால் இதைச் சாக்காக வைத்து அந்தப் பேச்சைத் தள்ளிப்போடாதே, நைட் டியூட்டி தனியாகப் போட்டால் அன்றைக்கே சொல்லிவிடு.

தங்கச்சியின் இயற்பியல், வேதியியல், உயிரியல் மார்க்கையும், உன் பிளஸ் டூ மொத்த மார்க்கையும், இரண்டு பேருக்கும் சாதிச் சான்றிதழ் கையில் இருக்கிறதா என்பதையும் எழுதி அனுப்பு, யார் எதற்கு முதலில் விண்ணப்பிக்க வேண்டும் என்று பார்த்துச் சொல்கிறேன்.